தாய்மாமன் சீரும் எண்பது துண்டுத் துணியும்

லங்காஸ்டர், பென்சில்வேனியா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி நலம். மாமாவின் முழங்கால் வலியும் உன் கோபமும் இந்நேரம் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறான். இந்தக் கடிதத்தில் ‘நான்’ வராது. போன தீபாவளிக் கடிதத்தை நீ மொட்டை மாடியில் சொந்தபந்தத்தையெல்லாம் உட்கார வைத்து உரக்க வாசித்ததும், “பக்கத்துக்குப் பதினேழு ‘நான்’ போட்டிருக்கான், அமெரிக்கா போனதும் தலைக்கனம் ஏறிருச்சு” என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னதும் இங்கே வந்து சேர்ந்துவிட்டன. ஆகவே இனிமேல் அவன், உன் தம்பி, உன் மகளின் தாய்மாமன். கடிதம் முழுக்க இந்த மூன்று பேர்தான் நடமாடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ பேரனைப் பார்த்தாய். பேரனுக்கு அடியில் விரித்திருந்ததையும் பார்த்தாய். “என்னடா இது ஒட்டுப்போட்ட துணி? தாய்மாமன் சீர்னா கொலுசு, காப்பு, வெள்ளிக் கிண்ணம்னு வரும். எம் பொண்ணுக்கு மட்டும் பிச்சைக்காரன் போர்வையா?” என்று கேட்டாய். “நடுவுல அந்த ரோஸ் கறை வேற என்ன கருமம்?” என்றும் கேட்டாய். அதற்குப் பிறகு நெட்வொர்க் போனதா, நீ போனாயா என்று உன் தம்பிக்குத் தெரியவில்லை.

காப்பும் கொலுசும் தனியாக வரும், அது வேறு கணக்கு. பிச்சைக்காரன் போர்வைக்கு மட்டும் இந்தப் பதில். கறைக்கும் பதில் உண்டு. ஆனால் அது கொஞ்சம் அவமானமான விஷயம் என்பதால் பின்னால் வரும்.

எல்லாம் போன வருஷம் மார்ச்சில், சேற்றில் ஆரம்பித்தது. குளிர் விடுகிற சமயத்தில் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஊர் ஊராக ‘மட் சேல்’ நடக்கும். சேற்றுச் சந்தை என்று வைத்துக்கொள். இந்தக் கிராமங்களில் தீயணைப்பு வேலையை ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் பார்க்கிறார்கள். வண்டிக்கும் குழாய்க்கும் பணம் வேண்டுமே, அதற்காக ஏலம் போடுகிறார்கள். பனி உருகி வயலெல்லாம் சகதியாகக் கிடக்கும் நாளில் நடப்பதால் அந்தப் பெயர். குதிரை, கலப்பை, அலமாரி, ஊறுகாய் என்று எல்லாமே ஏலத்துக்கு வரும். வீட்டுக்குக் கரண்ட் கம்பி இழுக்காமல், குதிரை வண்டியில் போய் வரும் ஆமிஷ் மக்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். நம்மூர் மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்கிற விலையை, இங்கே ஏலக்காரர் மூச்சு விடாமல் வாயால் சொல்லிக்கொண்டே போகிறார். இரண்டுமே அடுத்தவனுக்குப் புரியாது.

அங்கே ஒரு கொட்டகை முழுக்கக் குயில்ட் போர்வை. ஒவ்வொன்றாக இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, ஐந்நூறு, எழுநூறு, ஆயிரம் டாலர் என்று போய்க்கொண்டிருந்தது. உன் தம்பி அதையெல்லாம் பார்க்கவில்லை. அவன் கண் கொட்டகையின் மூலையில் நின்ற ஒரு மிதிமெஷின்மேல் இருந்தது. கறுப்பு உடம்பு, தங்க எழுத்தில் சிங்கர், இரும்புக் கால், தோல் பெல்ட். மதுரைப் புதுமண்டபத்தில் அப்பா மிதித்த மெஷினுக்கு உடன்பிறப்பு. ஐசக் சிங்கர் 1851-இல் வாங்கிய பேடன்டில் தொடங்கிய வம்சம். ஒரு கிளை திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் தூண் நிழலுக்கு வந்தது, ஒரு கிளை இந்தச் சேற்றில் நின்றது. ஆமிஷ் வீடுகளில் இன்றைக்கும் மிதிமெஷின் ஓடுவதால் அதைக் காட்சிப் பொருள் என்றும் ஒதுக்க முடியாது. எழுபத்தைந்து டாலருக்கு உன் தம்பியிடம் வந்தது. வைக்கோல் தொப்பி போட்ட இரண்டு பையன்கள் காரில் தூக்கி வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்பதைக் கை தானாகவே கண்டுபிடித்தது. ‘மெஷின்ல உட்கார்ந்தே, காலை ஒடிச்சிருவேன்’ என்று சொல்லி அப்பா படிக்க அனுப்பிய பிள்ளை, முப்பது வருஷம் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுக் கடைசியில் மெஷினில் வந்து உட்கார்ந்தான்.

உட்கார்ந்தாயிற்று, எதைத் தைப்பது? “எம் பிளவுஸ் பக்கம் வந்துராதீங்க” என்று உன் தம்பி பெண்டாட்டி முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்த வாரம்தான் உன் மகள் நியூ ஜெர்சியிலிருந்து கூப்பிட்டு, “மாமா, உங்களுக்குத் தாத்தா பிரமோஷன்” என்றாள். வழி கிடைத்துவிட்டது.

மாமா அவசரப்பட்டு, ‘மச்சான் அமெரிக்காவுல குயில் வளர்க்கிறானாம்’ என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டதால் இதை முதலில் தெளிவுபடுத்திவிடலாம். குயில்ட் என்றால் மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டு துண்டாக இணைத்த துணி, நடுவில் பாய் மாதிரித் தட்டையான பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிட வேண்டும். அந்தத் தையல் இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பஞ்சு ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். கடைசியில் நான்கு பக்கமும் பட்டி வைத்து ஓரம் அடித்தால் தீர்ந்தது. இந்தச் சொல்லே மெத்தை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைக்கு ஒல்லியாக ஒரு தங்கச்சி இருந்தால் எப்படி இருப்பாள், அப்படி.

கற்றுக்கொடுத்தது ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமை மாலை கூடும் தையல் கூட்டம். பதினோரு பெண்கள், ஒரு உன் தம்பி. தலைவி எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். முதல் நாளே அவர் கேட்ட கேள்வி, “உங்களிடம் ஸ்டாஷ் எவ்வளவு இருக்கிறது?” உன் தம்பி ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போனான், கஞ்சா பதுக்கி வைப்பதற்கும் இந்த ஊரில் அதே சொல்தான். விசாரித்ததில், பின்னால் தைக்கலாம் என்று வாங்கி வாங்கி அடுக்கி வைத்த துணிக்கு ஸ்டாஷ் என்று பெயராம். டீச்சருக்கு அலமாரியில், கட்டிலுக்கு அடியில், கார் டிக்கியில் என்று மூன்று கிளைகள். சாகும்வரை தைத்தாலும் தீராத அளவுக்குச் சேர்ந்துவிட்டால் அதற்கு ‘சேபிள்’ என்று தனிப் பெயர் உண்டு: ஆயுளைத் தாண்டிய துணிச் சேமிப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். பாதியில் நின்று போன குயில்ட்டுக்கு யு.எஃப்.ஓ., முடிக்காத பொருள். பறக்கும் தட்டுக்கும் அதே எழுத்துகள்தான். இரண்டையும் பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு, இறங்கியதைப் பார்த்தவர்கள் குறைவு.

அக்கா, அப்பா வெட்டுத்துணியை என்ன செய்வார்? மூட்டை கட்டி வைப்பார். மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து எடைக்கு எடுத்துப் போவான், மெஷின் துடைக்க. கூட்டித் தள்ளுவதற்குப் பதில் காசு வருகிறதே என்று அப்பாவுக்குச் சந்தோஷம். அதே வெட்டுத்துணியை இங்கே ரிப்பன் கட்டிக் கண்ணாடி ஜாடியில் வைத்து விற்கிறார்கள். தின்பண்டப் பெயர் வேறு. இரண்டரை அங்குல அகலத்தில் நீள நீளமாக வெட்டிச் சுருட்டினால் ஜெல்லி ரோல். பத்து அங்குலச் சதுரமாக வெட்டி அடுக்கினால் லேயர் கேக். ஐந்து அங்குலச் சதுரங்களுக்கு மட்டும் யாரோ பசி தீர்ந்த பிறகு பெயர் வைத்திருக்கிறார்கள், சார்ம் பேக்.

இன்னொன்று ஃபேட் குவார்ட்டர். அதாவது கொழுத்த கால். “இன்னைக்கு நாலு கொழுத்த கால் வாங்கினேன்” என்று உன் தம்பி தமிழில் சொன்னதும், ஆடா கோழியா என்று கேட்டு உன் தம்பி பெண்டாட்டி அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். ஒரு கஜம் துணி முப்பத்தாறு அங்குல நீளம், சுமார் நாற்பத்து நான்கு அங்குல அகலம். கடைக்காரர் கால் கஜம் வெட்டினால் ஒன்பதுக்கு நாற்பத்து நான்கு என்று கோவணம் மாதிரி ஒரு நீளத் துண்டு வரும். அதையே அரைக் கஜமாக வெட்டி நடுவில் பாதியாக்கினால் பதினெட்டுக்கு இருபத்திரண்டு. பரப்பு ஒன்றுதான், ஆனால் பெரிய பூவோ யானையோ முழுசாகக் கிடைக்கும். அதனால் அது கொழுத்த கால். அப்பா பார்த்திருந்தால், “இதுக்குத் தனியாக் காசா?” என்று மட்டும் கேட்டிருப்பார். ஆமாம், தனிக் காசுதான். நல்ல பருத்தி கஜம் பன்னிரண்டு, பதின்மூன்று டாலர்.

முழுத் துணியை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி முழுத் துணியாகத் தைப்பதற்கு எதற்கு இந்தப் பாடு என்று நீ கேட்பாய். உன் தம்பியும் கேட்டான். டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அரிசியை மாவாக்கி, மறுபடி வட்டமாகச் சுட்டுச் சாப்பிடுவீர்களே, அது எதற்கு?” என்றார். அதற்கு முந்தின மாதம் அவருக்குத் தோசை கொடுத்தது தப்பு.

பேரனுடைய குயில்ட்டின் கணக்கு இது. ஐந்து அங்குலச் சதுரம் எண்பது. குறுக்கே எட்டு, நெடுக்கே பத்து. தைத்து முடித்ததும் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாகும். ஆக முப்பத்தாறுக்கு நாற்பத்தைந்து. கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும், அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. இங்கேதான் பரம்பரை ரத்தம் தகராறு செய்தது. கல்யாணப் பெண் அடுத்த வருஷம் பூசினாற்போல் ஆகிவிடுவாள், பிரித்து விட இடம் வேண்டும் என்று பிளவுஸுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடுவார் அப்பா. அந்தக் கை கால் அங்குலத்தில் நிற்குமா? ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு நூலிழை கூடிற்று, ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஏழு தையல், தையலுக்கு இரண்டு ஓரம். வரிசையின் முடிவில் முக்கால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. டீச்சர் அளந்து பார்த்தார். “உங்கள் நாட்டில்தானே பூஜ்யத்தைக் கண்டுபிடித்தார்கள்?” என்றார். ஏழு தையலையும் உன் தம்பி பிரித்தான்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோலே இல்லை. பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி ஒன்று இருக்கிறது. ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனி 1979-இல் கொண்டு வந்தது. பலகை மேல் துணியைப் போட்டு, அடிக்கோல் வைத்து ஒரு இழுப்பு. ஆறு மடிப்புத் துணி ஒரே வெட்டில் போகும், கவனம் பிசகினால் விரலும் போகும். வந்த பிறகு குயில்ட்காரர்களில் பெரும்பாலோர் பழைய முறைக்குத் திரும்பவில்லை. ஆனாலும் கூட்டத்தில் எல்லாரிடமும் ஒரு நல்ல கத்தரிக்கோல் உண்டு. துணிக் கத்தரியில் நீ பாடப்புத்தக அட்டையை வெட்டியதற்கு அப்பா கஜக்கோலோடு துரத்தினாரே, அந்தச் சட்டம் அமெரிக்காவிலும் அமலில் இருக்கிறது. டீச்சரின் கணவர் ஒருமுறை கூப்பன் வெட்டியிருக்கிறார். அவர்கள் கல்யாணத்துக்கு ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது, அந்தக் கூப்பன் மட்டும் இன்னும் மறக்கப்படவில்லை.

அடுத்து டிசைன். சதுரம் மட்டும் போதுமா, நடுவில் ஏதாவது வேலைப்பாடு வேண்டாமா என்று டீச்சர் ஒரு புத்தகத்தை விரித்தார். ஒவ்வொரு டிசைனுக்கும் நூறு வருஷப் பெயர். கரடிப் பாதம், ஒஹாயோ நட்சத்திரம், பறக்கும் வாத்து, மரக்கட்டை வீடு. உன் தம்பிக்குப் பிடித்தது வளைந்து வளைந்து போகிற ஒன்று, பெயரைப் பார்த்தால் ‘குடிகாரன் பாதை’. பிறந்த குழந்தையைக் குடிகாரன் பாதையில் படுக்க வைத்தால் டாஸ்மாக் வாசல்வரை பேச்சு வரும் என்று விட்டுவிட்டான். பறக்கும் வாத்து நான்கு வைத்தான். முக்கோணங்கள்தான் வாத்து, அப்படி நினைத்துக்கொள்ள வேண்டும். நாலாவது வாத்து மட்டும் எதிர்த்திசையில் பறப்பதைப் பேரன் பிறந்த பிறகுதான் கவனித்தான்.

ஆமிஷ் பெண்கள் ஒவ்வொரு குயில்ட்டிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுவார்கள், கடவுள் ஒருவரே குறையில்லாதவர் என்ற பணிவுக்காக, என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வார்கள். அந்தக் கதையை எடுத்து விட்டால் தப்பிக்கலாம் என்று உன் தம்பி பார்த்தான். குயில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அது வெறும் கட்டுக்கதை என்கிறார்கள். டீச்சரும், “வேண்டுமென்று விடுகிற அளவுக்கு இங்கே யாருக்கும் தப்புக்குப் பஞ்சமில்லை” என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த வாத்தை நீ திருஷ்டிப் பொட்டு என்று எடுத்துக்கொள். பேரன் கன்னத்தில் ஒன்று வைக்கச் சொல்வாய் அல்லவா, போர்வைக்கும் ஒன்று.

எட்டு வாரம் ஆயிற்று. சாப்பாட்டு மேஜை துணிக்குப் போனதால் உன் தம்பி குடும்பம் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டது. குழந்தை பிறந்து இரண்டாம் வாரம், குயில்ட்டை மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சிக்கு இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போனான். உன் மகள் பிரித்துப் பார்த்துக் கண் கலங்கினாள். அதற்குப் பிறகு சொன்னாள், “மாமா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதைப் பாப்பாக்குப் போர்த்தக் கூடாது.”

தொட்டிலைக் காட்டினாள். ஒரு மெத்தை, அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒரு விரிப்பு. தலையணை இல்லை, போர்வை இல்லை, பொம்மை இல்லை. அறுவடை முடிந்த வயல் மாதிரி இருந்தது. ஒரு வயது வரை தூங்கும் குழந்தை பக்கத்தில் போர்வை, குயில்ட், தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியின் அறிவுரை. துணி மூக்கை மூடினால் விலக்கத் தெரியாத வயசு. குப்புறப் படுக்க வைக்கக் கூடாது என்று 1992-இல் சொன்னார்கள், 1994-இல் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் சாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதைக் கேட்ட பிறகு உன் தம்பி வாய் திறக்கவில்லை. அம்மா சேலையில் தூளி கட்டி ஆட்டின பரம்பரையைச் சொல்லி வாதாடுகிற இடம் அது இல்லை.

எட்டு வாரம் தைத்த போர்வையைப் போர்த்தக் கூடாது என்றால் அமெரிக்காவில் வருஷா வருஷம் எல்லாப் பாட்டிகளும் எதற்கு இதைத் தைக்கிறார்கள்? தரைக்கு. விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, குழந்தையைக் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டுக் கழுத்தைத் தூக்கப் பழக்குகிறார்கள். அதற்கு விரிப்பு வேண்டும். எண்பது துண்டில் எண்பது படம் இருப்பதால் பையன் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறான். நீ வீடியோவில் பார்த்தது அந்த வேளையைத்தான். பட்டன், மணி எதுவும் வைத்துத் தைக்காததற்கும் காரணம் இருக்கிறது: பிய்த்து வாயில் போட்டுக்கொள்வான்.

இனிக் கறை. எண்பதில் எழுபத்தொன்பது துண்டு கடைத் துணி. ஒன்று மட்டும் நம்மூர்த் துண்டாக இருக்கட்டும் என்று, உன் தம்பி பெண்டாட்டியின் புத்தம்புதுச் சிவப்புச் சுங்குடிச் சேலையின் முந்தானையிலிருந்து ஐந்துக்கு ஐந்து வெட்டினான். (அந்தக் குற்றத்துக்கான விசாரணை தனியாக நடந்து, தீர்ப்பும் ஆகிவிட்டது.) துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைப்பதா, அப்படியே தைப்பதா என்பதில் குயில்ட் உலகம் வடகலை, தென்கலை மாதிரி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நனைக்காமல் தைத்துப் பிறகு துவைத்தால் பஞ்சும் துணியும் சேர்ந்து சுருங்கி, பாட்டி கன்னம் மாதிரி அழகாகச் சுருக்கம் விழும் என்பது ஒரு கட்சி. உன் தம்பி அதில் சேர்ந்தான். துவைத்தான். சுருக்கம் விழுந்தது. சுங்குடி பக்கத்து நான்கு துண்டுகளுக்கும் தன் நிறத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டது.

டீச்சர் கோபப்படவே இல்லை. பார்த்ததும், “ஆ, மெட்ராஸ்!” என்றார். 1960-களில் இந்த நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளெல்லாம் மெட்ராஸ் என்ற கட்டம் போட்ட சட்டைக்கு அலைந்தார்களாம். நம் பக்கத்துக் கைத்தறி. துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடும். ஓடுவதைக் குறை என்று சொன்னால் விற்காது என்று, ‘சாயம் போகும், உத்தரவாதம்’ என்றே விளம்பரம் போட்டு விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் புதுச் சட்டை என்று வாங்கிப் போனார்கள். அந்தக் காலத்தில் உன் தம்பி பிறந்து தொலைத்திருந்தால் இந்தக் கறைக்கு இரண்டு டாலர் கூடக் கேட்டிருக்கலாம். இப்போது சாயத்தை உறிஞ்சிக்கொள்ள மெஷினில் போடும் தாள் ஒன்று விற்கிறார்கள். அடுத்த தடவை அதுவும் உண்டு.

பிச்சைக்காரன் போர்வை என்று நீ சொன்னது உன் தம்பி மனசில் முள்ளாக நிற்பதால் இதையும் கேட்டுவிடு. அலபாமாவில் ஒரு ஆறு பாம்பு மாதிரி வளைகிற இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார் வாழும் ஊர். தேய்ந்த கால்சட்டை, மாவுச் சாக்கு, சாயம் போன வேலைச் சட்டை, இதுதான் அவர்கள் ஸ்டாஷ். கடைக்குப் போய்க் கொழுத்த கால் வாங்கவில்லை, குளிருக்குத் தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்ற பெண் கணவர் இறந்த பிறகு, 1942-இல், அவர் வயலுக்குப் போட்டுப் போன துணிகளை வெட்டி ஒரு குயில்ட் தைத்தார். முழங்கால் தேய்ந்த அடையாளம்கூடத் துணியில் தெரியும். இன்னொரு பெண், ஆனி மே யங், தன் குயில்ட்டை விறகுக் குவியல்மேல் போட்டிருந்தார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு வில்லியம் ஆர்னெட் என்ற கலைச் சேகரிப்பாளர் அவரைத் தேடிக்கொண்டு ஊருக்கே வந்தார். 2002-இல் அந்த ஊர்க் குயில்ட்டுகளை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள், பிறகு நியூயார்க் விட்னியில். உலகத்தின் பெரிய ஓவியர்களுக்குச் சமமாக வைத்து எழுதினார்கள். 2006-இல் தபால்தலையே போட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கர்நாடகம் வரைக்கும் வா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பல தலைமுறையாக அங்கேயே வாழும் சித்திப் பெண்கள் பழைய சேலை, சட்டையில் கவாந்தி என்று ஒன்று தைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைக்காவிட்டால் அது முடிந்த கவாந்தியே இல்லை. உன் தம்பி அடுத்ததில் அந்தப் பூவை வைத்துப் பார்க்கப் போகிறான், டீச்சருக்கு இன்னும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. அமெரிக்காக்காரர்கள் கந்தலில்தான் குயில்ட் தொடங்கினார்கள் என்று நினைக்காதே. முதலில் அது பணக்கார வீட்டுச் சமாசாரம். நம் சோழமண்டலக் கரையில் கையால் பூவும் கொடியும் எழுதிக் கப்பல் ஏறிய துணி இங்கே அவ்வளவு விலை. முழுசாக வாங்க முடியாதவர்களும், வாங்கி வீணாக்க மனம் வராதவர்களும் அந்தப் பூவை மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்தார்கள். இந்தியப் பூத்துணிக்குத் தடை என்று இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள். ஆக நம் கரைத் துணியின் வெட்டுத்துண்டு ஒரு காலத்தில் சீமாட்டிகளின் கட்டிலில் கிடந்தது.

இதெல்லாம் கிடக்கட்டும் அக்கா. நீ எட்டாவது படிக்கும் வரை ஒரு பச்சைப் பாவாடை போட்டுக்கொண்டு திரிந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வருஷத்துக்கு ஒரு சாண் நீ வளர, வருஷத்துக்கு ஒரு பட்டி அப்பா கீழே சேர்த்தார். முதலில் மஞ்சள், பிறகு கத்தரிப்பூ நிறம், பிறகு யாருடைய பிளவுஸிலோ மிஞ்சிய ஜரிகை. கடைசி வருஷம் பச்சையைவிடப் பட்டிதான் அதிகம். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதே மாதிரிப் பாவாடை கேட்டு வீட்டில் அழுததாக நீதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

பேரனோடு கதை முடியவில்லை. பெங்களூரில் உன் சின்னவன் வீட்டுக்கு ஆகஸ்டில் இரட்டைக் குழந்தை என்று ஸ்கேன் சொல்லியிருக்கிறதாம். ஆக இரண்டு குயில்ட், நூற்றறுபது துண்டு. ஸ்டாஷ் கணக்குப் பார்த்ததில் உன் தம்பியிடம் ஏற்கெனவே அறுபத்துமூன்று கஜம் இருக்கிறது; இருந்தாலும் நீ ஒரு உதவி செய்ய வேண்டும். பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிற உன் பழைய நீலச் சுங்குடி, ஊதாச் சுங்குடி இரண்டையும் அனுப்பு. புதுசு வாங்கி அனுப்பாதே, பழசுதான் வேண்டும். இருபது வருஷம் துவைத்ததில் போக வேண்டிய சாயமெல்லாம் போய், பஞ்சு மாதிரி இருக்கும். இனி அது யாரையும் கறையாக்காது. மாமாவின் கட்டம் போட்ட லுங்கி ஏதாவது கிழிந்திருந்தால் அதையும் வை. அவரிடம் கேட்டுவிட்டு வை, போன தடவை மாதிரி கட்டியிருப்பதை உருவாதே.

பார்சலில் முறுக்கு வைக்க வேண்டாம், எண்ணெய் துணியில் இறங்கும். முறுக்குக்குத் தனிப் பார்சல் போடு.

அன்புடன்,
உன் தம்பி